கோட்டு நின்ற இடம்

ரோண்டா கோகர் பயப்படாத பொருள் ஒன்றாவது எங்கள் மாவட்டத்தில் இருக்குமா என்று சில வருடங்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் புட்டியிலடைத்த பீன்ஸ்? ஒன்று வெடித்து ஒரு பெண்ணின் புருவத்தைக் கொண்டுபோனது அவருக்குத் தெரியும். ஏணி? பேச்சையே எடுக்காதீர்கள். சர்ச் பெஞ்சுகூட ஆகாது. ஈஸ்டர் ஞாயிறன்று ஒருவர் அதில் உட்கார்ந்த வாக்கிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு பாட்டு முடிந்து காணிக்கைத் தட்டு அவர் மடியில் வந்து நின்றபோதுதான் பக்கத்திலிருந்த மனைவிக்கே விஷயம் தெரிந்தது.

கற்பனையாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ரோண்டாவின் பயங்களில் ஒன்றுகூடக் கற்பனை இல்லை. இருபத்திரண்டு வருடங்களாக அவர் நீதிமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், அவசரத் தொலைபேசியை எடுக்கிறவர். இந்த மலைகளில் யார் மரத்திலிருந்து விழுந்தாலும், யார் காலை ரம்பம் கவ்வினாலும், முதல் அலறல் அவர் காதில்தான் விழும். பதிலுக்கு அவர் அலறியதே இல்லை. "எங்க இருக்கீங்க, சொல்லுங்க. மூச்சு இருக்கா? சரி. அழுத்தின கையை எடுக்காதீங்க. நான் லைன்லயே இருக்கேன்." மாவு சலிப்பதுபோல ஒரே சீரான குரல்.

வெஸ்ட் வர்ஜீனியாவிலேயே தைரியமான பெண் இவர்தான் என்று அந்தக் குரலைக் கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்தத் தைரியசாலி வேலை முடிந்து, லிக் ஃபோர்க் பள்ளத்தின் கடைசி வீட்டுக்குப் போய், மூன்று தாழ்ப்பாளையும் போட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியை இழுத்துவந்து கதவுக்குமிழுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் ஒரு வாணலியையும் வைத்துவிட்டுத்தான் படுப்பார். யாராவது கதவைத் தள்ளினால் வாணலி விழுந்து எழுப்பும் என்பது ஏற்பாடு. ஒருமுறை அது தானாகவே விழுந்தது. அதன்பிறகு ஒரு வாரம் காரில் தூங்கினார்.

நாற்பத்தேழு வயதுவரை வாழ்க்கை இப்படி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தீயணைப்புத் தொண்டர்களின் குலுக்கலில் அவருக்குப் பரிசு விழுந்தது.

முதல் பரிசு டீப் ஃப்ரீசர். ரோண்டா சீட்டு எடுத்தது அதற்காக. அதையும், உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியுமா என்று விசாரித்த பிறகுதான் எடுத்தார். ஃப்ரீசர் மெத்தடிஸ்ட் பாதிரியாருக்குப் போயிற்று. ரோண்டாவுக்கு நான்காம் பரிசு, ஓர் அணில் வேட்டை நாய்.

பழுப்பும் வெள்ளையுமாக முழங்கால் உயரம். பெயர் ஜட்ஜ். எதிரில் இருப்பவரைத் தலைசாய்த்து ஒரு பார்வை பார்த்து, வழக்கைத் தள்ளிவைப்பதுபோல் பெருமூச்சு விடும். அதைப் பரிசாகக் கொடுத்தவர் வெர்லின் ஹாம்ரிக். மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர், ஐம்பத்தெட்டு வயது. நான்கு வருடங்களுக்கு முன் டிராக்டர் கவிழ்ந்து இரண்டு முழங்காலும் போனதிலிருந்து கோலோடு நடக்கிறார். மலை ஏறி நாயின் பின்னால் ஓட முடியாது. வேலையில்லாமல் நாய் வீணாகிறதே என்று குலுக்கலுக்குக் கொடுத்துவிட்டார்.

"வெர்லின், எனக்குத் துப்பாக்கின்னாலே கை நடுங்கும்," என்றார் ரோண்டா.

"நடுங்கட்டுமே. மரத்து மேல அணிலும் நடுங்கிக்கிட்டுதான் இருக்கும். சரிக்குச் சரி."

"வீட்டு நாயா வெச்சுக்கிறேனே?"

"சோபாவுல படுக்கவெச்சு அதுக்கு ஸ்வெட்டர் போட்டுவிடவா? இங்க பாரு ரோண்டா, செப்டம்பர்ல வேட்டை சீசன் தொறக்குது. அந்த மாசம் கடைசி சனிக்கிழமை உன் வீட்டுக்கு வருவேன். இது மரத்துல ஏத்தின அணில் ஒண்ணையாவது அதுக்குள்ள நீ சுட்டிருக்கணும். இல்லையா, நாயைக் கூட்டிட்டுப் போய் வேட்டைக்குப் போறவன் எவன் கையிலயாவது பிடிச்சுக் குடுத்துருவேன்."

எங்கள் அணிலின் முதுகில் எந்தக் கடவுளும் தடவிக்கொடுத்த கோடு கிடையாது. சாம்பல் நிறம், பூனைக்குட்டி கனம், வாணலிக்கு ஏற்ற சதை. மாவில் புரட்டிப் பொரித்து, கிரேவியில் ஊறவிட்டு, சுடச்சுட பிஸ்கட் ரொட்டியோடு அதைத் தின்னாதவரை இங்கே வெளியூர்க்காரரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். நாயின் பங்கு, அணில் ஏறிய மரத்தை மோப்பத்தில் பிடித்து, முன்கால் இரண்டையும் அடிமரத்தில் ஊன்றி, மேலே பார்த்துக் குரைப்பது. துப்பாக்கி பேசும்வரை அது நிறுத்தாது. கூப்பிட்டால் வராது. இழுத்து வந்தால் இரண்டு நாள் சாப்பிடாது.

ரோண்டா நாயை வீட்டுக்குக் கூட்டிவந்த முதல் வாரம், அது கதவுக்கும் நாற்காலிக்கும் இடையில் சுருண்டு படுத்தது. இரண்டாம் வாரம் வாணலி அடுப்படிக்குத் திரும்பியது. மூன்றாம் வாரம் நாற்காலியும் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. இருபது வருடங்களில் முதன்முறையாக ரோண்டா விடியும்வரை தூங்கினார். அலுவலகத்தில் அடுத்த மேசைக்காரி கெண்ட்ரா, "என்னடி, மூஞ்சி பளபளன்னு இருக்கு, யாரு அவன்?" என்று கேட்டாள். "ஜட்ஜ்," என்று இவர் சொல்ல, மாவட்ட நீதிபதியின் மனைவிவரை வதந்தி போய்த் திரும்பியது தனிக்கதை.

ஆக, வீட்டில் பயமில்லாமல் தூங்க வேண்டுமானால் காட்டுக்குள் துப்பாக்கியோடு போய்ப் பயப்பட வேண்டும். வேறு வழி இல்லை.

சொந்த நிலத்தில் வேட்டையாட உரிமம் தேவையில்லை. ரோண்டா வாங்கினார். பாதுகாப்பு வகுப்புக்கும் போய் உட்கார்ந்தார். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்குப் பால் பற்கள் விழுந்து முடியவில்லை.

"அணில் மேல படாம தோட்டா போயிருச்சு, மலையையும் தாண்டிருச்சு, அந்தப் பக்கம் ஒருத்தங்க துணி காயப்போட்டுக்கிட்டிருக்காங்க. அப்ப?" என்று ரோண்டா கேட்டார்.

வகுப்பு எடுத்தவர் சொன்னார்: "அதனாலதாம்மா சொல்றோம், அணிலுக்குப் பின்னால வானம் தெரிஞ்சா சுடாதீங்க. மரம் இருக்கணும். அப்புறம், எதைச் சுடுறோம்னு கண்ணால பார்த்து உறுதி பண்ணாம விரலைத் துப்பாக்கிக் குதிரை மேல வைக்கவே கூடாது. இதுதான் எல்லாத்துக்கும் மேல."

தேர்வில் ரோண்டாவுக்கு நூற்றுக்கு நூறு.

வெர்லினும் தொலைபேசியில் ஒரு தந்திரம் சொல்லியிருந்தார். அணில் கெட்டிக்காரப் பிராணி. நீங்கள் மரத்துக்கு இந்தப் பக்கம் இருந்தால் அது அந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். நீங்கள் சுற்றினால் அதுவும் சுற்றும். "ரெண்டு பேர் போனா ஒருத்தர் சுத்திப் போவார், அணில் மத்தவர் பக்கம் வந்துரும். நீ தனி ஆள். கோட்டைக் கழட்டி அந்தப் பக்கத்துப் புதர்ல மாட்டிட்டு வந்து உக்காரு. ஆளு நிக்குதுன்னு நெனச்சு அணில் உன் பக்கம் நகரும்."

சீசன் தொடங்கிய முதல் நாள் ரோண்டா துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார். தோட்டாவை வீட்டில் விட்டுவிட்டார். இரண்டாம் முறை தோட்டா போனது, துப்பாக்கி வீட்டில் இருந்தது. இரண்டு நாளும் ஜட்ஜ் வீட்டுக்கு மேலே மேட்டிலிருந்த ஹிக்கரிக் கொட்டை மரத்தடியில் தொண்டை கட்டக் கத்திவிட்டு, இழுத்துவரப்பட்டு, தட்டைத் திரும்பிப் பார்க்காமல் படுத்தது. கெண்ட்ரா சொன்னாள்: "நீ நெஜமாவே சுடப்போற அன்னிக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிரு, நான் லீவு போட்டுக்கிறேன். உன் போன் வந்தா நானில்ல எடுக்கணும்."

மூன்றாம் முறை, புதன்கிழமை காலை, இரண்டும் போயின.

மரத்தடியெல்லாம் கொறித்துப் போட்ட கொட்டைத் தோல். ஜட்ஜ் அடிமரத்தில் கால் ஊன்றிக் குரைக்கிறது. மேலே ஒரு வால்நுனி தெரிந்தது, மறைந்தது. ரோண்டா தன் பழுப்புக் கோட்டைக் கழற்றி, மரத்தைச் சுற்றிப் போய், ஒரு புதரில் கைகளை விரித்து மாட்டினார். திரும்பி வந்து, பாம்பு இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அப்பா விட்டுப்போன சின்ன ரைபிளில் ஒரு தோட்டாவைப் போட்டு மேலே பார்த்தபடி இருந்தார்.

கால் மணி நேரம். அரை மணி நேரம். மேலே எதுவும் அசையவில்லை. காட்டிலிருந்து இதுவரை தனக்கு வந்த அழைப்புகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கரடியைப் பார்த்துவிட்டு மரத்தில் ஏறியவர். செம்புத்தலை விஷப் பாம்பு மேல் உட்கார்ந்தவர். யாரோ பின்தொடர்கிறார்கள் என்று கிசுகிசுத்துவிட்டு அதற்குமேல் பேசாமலே போனவர். அந்தக் கடைசி அழைப்பு எப்படி முடிந்தது என்று இன்றுவரை ரோண்டாவுக்குத் தெரியாது. கழுத்து வலித்தது. காற்று எழுந்தது. கடைக்கண்ணில், இருபது அடி தள்ளி, ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான்.

ரோண்டா கத்தினார், திரும்பினார். ரைபிளும் அவரோடு திரும்பியது. வெடித்தது.

ஆள் கொஞ்சம் ஆடினான். விழவில்லை.

நாய் குரைப்பை நிறுத்தியது. காடு முழுக்க அமைதி. அந்த அமைதியில் ஒரு குரல் பேசியது. சீரான குரல். அது தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று ரோண்டாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"அவசர உதவி. என்ன நடந்துச்சு, சொல்லுங்க."

"ஒரு ஆளைச் சுட்டுட்டேன்."

"துப்பாக்கி எங்க இருக்கு?"

"கையில."

"உள்ள தோட்டா இல்லைன்னு பார்த்துட்டுக் கீழ வைங்க. வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"அடிபட்டவர் பேசுறாரா?"

"இல்ல."

"கிட்டப் போய்ப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

"பயமா இருக்கு."

"தெரியும். போங்க."

போனார். கோட்டு. இடப்பக்கப் பாக்கெட்டுக்கு ஒரு விரல் மேலே, சுத்தமான சின்ன ஓட்டை. புதரைப் பிடித்துக்கொண்டே அப்படியே உட்கார்ந்துவிட்டார். தானாக வெடித்துவிட்டது என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இருபத்திரண்டு வருடங்களில் எத்தனை பேர் அழுதுகொண்டே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதையாவது அவர் நம்பியிருக்கிறாரா? பின்பக்கக் குன்றில் எரிவாயுக் குழாய் பார்க்கிறவன் வாரம் ஒருமுறை நடந்து போகிறான். அவனுக்கும் பழுப்புக் கோட்டு.

ஜட்ஜ் வந்தது. சுட்டது எதுவோ அதைப் பிடித்து உலுக்க வேண்டும் என்பது அதன் தொழில் முறை. கோட்டை முகர்ந்தது, ரோண்டாவைத் தலைசாய்த்துப் பார்த்தது. பிறகு, தலையெழுத்தே என்று கோட்டின் ஒரு கையைக் கவ்வி, உயிர் போகும்வரை உலுக்கி, வீடுவரை இழுத்துக்கொண்டு வந்தது. அன்று தட்டைக் காலி செய்தது.

ரோண்டா சாப்பிடவில்லை. ரைபிளை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மாவு டப்பாவில் புதைத்தார். வெள்ளிக்கிழமை நாற்காலியைத் திரும்பவும் கதவருகே கொண்டுவந்து வைத்தார். நாய் இன்னும் போகவில்லை. ஆனாலும், பழகிக்கொள்ளலாம் என்று.

சனிக்கிழமை காலை வெர்லின் ஒரு கையில் கோலும் மறுகையில் இறைச்சி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோலுமாக வந்தார். கதவைத் தாண்டியதும் கண்ணில் பட்ட நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன, அணில் எங்க? வாலாவது காட்டு."

ரோண்டா கோட்டைக் காட்டினார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். வெர்லின் மெல்லுவதை நிறுத்தி, ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.

"எவ்வளவு தூரத்துல?"

"இருபது அடி."

"உக்காந்துக்கிட்டா, நின்னுக்கிட்டா?"

"எந்திரிச்சுக்கிட்டே."

"அப்படியும் நெஞ்சுக்கு நேரா." அவர் முகத்தில் முதலில் மரியாதை வந்தது, பின்னாலேயே கொஞ்சம் கலக்கமும் வந்தது. கோட்டை மெதுவாக மடித்து மேசையில் வைத்தார்.

"நாயைக் கூட்டிட்டுப் போயிருங்க வெர்லின். எனக்கு இது ஆகாது. கயிறு அங்க மாட்டியிருக்கு."

கயிறு இருந்தது. நாயைக் காணோம். திறந்த கதவு வழியாக அது எப்போதோ போய்விட்டது. மேட்டிலிருந்து குரைப்பு கேட்டது. அதே ஹிக்கரி மரம்.

இருவரும் காத்திருந்தார்கள். வெர்லின் கூப்பிட்டுப் பார்த்தார், விசில் அடித்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்தில் குரைப்பு இருமலாக மாறியது.

"நீங்க போய் ஒரு வெடி வெச்சுட்டுக் கூட்டிட்டு வாங்களேன்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டுத் துப்பாக்கியும் கோலுமா மேட்டுல ஏறச் சொல்றியா? ஏற ரெண்டு கையும் வேணும். நீ துப்பாக்கியை எடு, நான் கோலை மட்டும் எடுத்துட்டு வர்றேன்."

மாவு டப்பாவிலிருந்து சாவி வந்தது. மேடு ஏற அரை மணி நேரம் ஆயிற்று. மரத்தடிக்கு வந்ததும் இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒன்று புரிந்தது. அணில் மரத்துக்கு அந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. யாராவது சுற்றிப்போய் அதை இந்தப் பக்கம் தள்ளவேண்டும். துப்பாக்கி ரோண்டாவின் கையில் இருக்கிறது.

வெர்லின் அந்தப் புதரைப் பார்த்தார். "ஏன் ரோண்டா, கோட்டு நின்ன எடத்துல நான் போய் நிக்கணுமா?"

"ஆமா."

"என்கிட்ட நல்ல கோட்டு இன்னொண்ணு வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வரட்டுமா?"

"வெர்லின்."

"இல்ல, சும்மா கேட்டேன். அம்பது வருஷமா அணில் சுடுறேன். மரத்துக்கு அந்தப் பக்கம் எத்தனையோ தடவை நின்னிருக்கேன். கால் நடுங்கினது இல்ல."

"அது முழங்கால்."

"முழங்காலுக்கு மேலயும் நடுங்குது, தாயே."

அப்போது ரோண்டா பேசினார். மாவு சலிக்கும் குரல். "நான் சொல்றதை மட்டும் செய்யுங்க. புதர்கிட்டப் போக வேணாம். அதுக்குப் பக்கத்துல பெரிய ஓக் மரம் இருக்கு பாருங்க, அதுக்குப் பின்னால போங்க. முழுசா பின்னால. அங்கருந்து கோலை மட்டும் வெளிய நீட்டிப் புதரை அடிங்க. அடிக்கும்போது பேசிக்கிட்டே இருங்க, சத்தமா. உங்க குரல் எங்கருந்து வருதுன்னு எனக்குத் தெரியணும். புரிஞ்சுதா?"

வெர்லின் அவரையே பார்த்தார். "இந்தக் குரல்... அன்னிக்கு டிராக்டருக்கு அடியில கெடந்தப்ப காதுல கேட்டுக்கிட்டே இருந்தது இதுதான்."

"முப்பத்தெட்டு நிமிஷம்," என்றார் ரோண்டா. "போங்க."

வேறொன்றும் கேட்காமல் போனார். ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து கோல் நீண்டது. "என்ன பேசுறது?" என்று குரல் வந்தது.

"எது வேணா."

"என் மொதல் நாய் பேரு சூட்டி. கறுப்பு. லாரியில அடிபட்டுது. அடுத்தது பெல். அது குருட்டுக் கண்ணோடவே நாலு வருஷம் வேட்டைக்கு வந்துச்சு. அப்புறம் டைனமைட், பேருக்குத்தான்; இடி இடிச்சா கட்டிலுக்கு அடியில..."

கோல் புதரை அடித்தது. மேலே பட்டை உரசும் சத்தம். அணில் சுற்றி வந்தது. ரோண்டாவின் பக்கம், தடித்த கிளையும் மரமும் சேரும் இடத்தில், முழுதாக நின்றது. பின்னால் மரம். வானம் இல்லை. விரல் குதிரைக்குப் போனது.

டைனமைட்டோடு வெர்லினின் பேச்சு நின்றுபோனது.

ரோண்டா மூச்சை எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. குரல் இல்லை. விரல் வெளியே வந்தது. துப்பாக்கி தாழ்ந்தது. தோட்டாவை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"வெர்லின்! பேசுங்க!"

ஓக் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கிசுகிசுப்பு வந்தது. "அட, சுடு! உன் பக்கம் வந்துருச்சு, கலைக்கக் கூடாதுன்னுதானே வாயை மூடினேன்!"

"நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியலையே!"

"சொன்ன எடத்துலதான் இருக்கேன்! வேற எங்க போவேன்!"

அணில் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு, நிதானமாக ஒரு பொந்துக்குள் போய்விட்டது. ஜட்ஜ் ரோண்டாவைப் பார்த்தது, ஓக் மரத்தைப் பார்த்தது, தரையில் படுத்துக்கொண்டது. இப்படி ஒரு வழக்கை அது கண்டதில்லை.

வெர்லின் மெல்ல வெளியே வந்தார். ரோண்டாவின் உள்ளங்கையில் இருந்த தோட்டாவைப் பார்த்தார்.

"அணில் ஒண்ணும் விழலை," என்றார் ரோண்டா. "கயிறு வீட்டுல இருக்கு."

"இருக்கட்டும் அங்கயே. சீசன் இன்னும் எத்தனையோ மாசம் ஓடும். சனிக்கிழமை சனிக்கிழமை நான் வர்றேன். இந்த நாய் வேலை செய்யணும்னா ரெண்டு ஆள் வேணும், துப்பாக்கிக்கு ஒருத்தர், கோட்டுக்கு ஒருத்தர். நான்தான் கோட்டு. ஒண்ணே ஒண்ணு. என்கிட்ட நாய்ப் பேரு இனி ரெண்டுதான் பாக்கி."

"அப்ப பொண்டாட்டிங்களைப் பத்திப் பேசுங்க."

"அது மூணு. அதுக்கு சீசனே பத்தாது."

இறங்கும்போது ஜட்ஜ் முன்னால் போனது. வெர்லின் ஒரு கையை ரோண்டாவின் தோளில் வைத்திருந்தார். முழங்காலுக்காக என்று சொன்னார். வீட்டுக்குள் போனதும் ரோண்டா முதலில் செய்தது கதவருகே இருந்த நாற்காலியைத் தூக்கி மேசைக்குக் கொண்டுபோய்ப் போட்டதுதான். வெர்லின் அதில் உட்கார்ந்து, பாதியில் விட்ட பெப்பரோனி ரோலைத் தின்று முடித்தார்.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை ஓர் அணில் விழுந்தது. அப்போது வெர்லின் தன் இரண்டாவது மனைவியின் குறைகளில் பாதியைக் கடந்திருந்தார். சத்தம் கேட்டும் நிறுத்தவில்லை, "விழுந்துருச்சு, போதும்" என்று ரோண்டா இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஜட்ஜ் அணிலை உலுக்கி, கொண்டுவந்து, ரோண்டாவின் காலடியில் போட்டது. மதியம் அணில் கிரேவியோடு மேசைக்கு வந்தது. வெர்லின் நான்கு பிஸ்கட் ரொட்டி தின்றார். ரோண்டா ஒவ்வொரு வாயையும் நாக்கால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்கினார். எலும்புத் துணுக்கு தொண்டையில் சிக்கியதாக வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை சனிக்கிழமை மதியம்தான் வருகின்றனவாம்.